நியோகிளாசிக்கல் வெள்ளி உணவுக்கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்களுக்குப் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட தேநீர்க் கெண்டிகள், சூப் கலங்கள், மெழுகுவத்தித் தண்டுகள் ஆகியவற்றின் முன்னால் நின்றதும் யார் வந்தாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்துப் பாத்திரங்களைப் பற்றியே பேசுகிறேன்; பிரான்சும் ரஷ்யாவும் தேவைப்படும் இடத்தில் வரும்.

“நியோகிளாசிக்கல்னா என்ன? பழைய பாத்திரம்தானே, அதுக்கு எதுக்கு ‘நியோ’?”

நமக்குத்தான் அவை பழையவை; செய்யப்பட்ட நாளில் அவை மிகப் புதிய பாணி. பழங்காலக் கிரேக்க, ரோமானிய வடிவங்களை 18ஆம் நூற்றாண்டுக்காரர்கள் மீண்டும் எடுத்தாண்டதால் இந்தப் பெயர் வந்தது. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிவிட்ட ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயில் 1748இலும் அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த சுவரோவியங்களும் வெண்கலப் பொருள்களும் படங்களாக அச்சேறி ஐரோப்பா முழுவதும் பரவின. நேப்பிள்சில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த கிரேக்க மண்கலங்களை 1772இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது.

இங்கிலாந்தில் இந்தப் பாணியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர். 1754இல் இத்தாலியை நோக்கிப் புறப்பட்டு 1758இல் திரும்பிய அவர், கூரை, சுவர், நாற்காலி என்று ஒன்றையும் விடாமல் வரைந்தார். டார்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையின் உணவறையில் வெள்ளிக் கலங்களை அடுக்கிக் காட்டுவதற்கென்றே ஒரு மாடம் அமைத்தார். ஆடம் அலுவலகத்தின் வரைபடங்கள் ஏறக்குறைய 9,000, இன்று லண்டனில் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

“அப்போ கிரேக்கர்கள் இந்த மாதிரி கெண்டியிலதான் டீ குடிச்சாங்களா?”

கிரேக்கர்களுக்குத் தேநீரே தெரியாது. அவர்களுடைய மதுக் கலங்களிலிருந்தும் ரோமானியரின் ஈமத்தாழிகளிலிருந்தும் உருவத்தை மட்டும் எடுத்து, அதற்குள் தேநீரையும் சூப்பையும் ஊற்றியவர்கள் 18ஆம் நூற்றாண்டுத் தட்டார்கள். வெந்நீர் வைத்துக் குழாய் வழியாகப் பிடிக்கும் பெரிய தேநீர்க் கலத்தைப் பாருங்கள்: இறந்தவரின் சாம்பலை வைக்கும் தாழிக்குக் கைப்பிடியும் குழாயும் பொருத்தினாற்போல் இருக்கும். முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு இது சற்று வேடிக்கையாகப் படலாம். அன்றைய ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்கு அப்படிப் படவில்லை. பல கலங்களின் உள்ளே நடுவில் ஓர் உருளைக்கூடு இருக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அதில் இறக்கினால் நீர் நெடுநேரம் சூடாக இருக்கும்.

“பார்த்ததுமே இந்தப் பாணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்கு முந்தைய ரொகோகோ பாணியில் சங்கும் அலையும் கொடியும் ஒரு பக்கமாகச் சரிந்து நெளியும். நியோகிளாசிக்கல் கலத்தை நடுவே கோடு கிழித்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் அமையும். அலங்காரமும் கணக்காக இருக்கும்: விளிம்பில் மணி கோத்தாற்போன்ற சிறு குமிழ்கள், உடலில் தோரணமாகத் தொங்கும் இலைமாலை, மாலையைக் கவ்விப் பிடிக்கும் ஆட்டுக்கடாத் தலை, நெடுக ஓடும் வரிப்பள்ளங்கள்.

1780களில் இதனுடன் பளிச்செதுக்கும் சேர்ந்தது. தீட்டி மெருகேற்றிய உளியால் உலோகத்தைச் சாய்வாகச் சீவி எடுப்பார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு சிறு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். மின்விளக்கில் இதன் அழகு பாதிதான் தெரிகிறது. மெழுகுவத்திச் சுடர் அசைய அசைய மின்னுவதற்காகச் செய்யப்பட்ட வேலை இது.

“இது சுத்த வெள்ளியா, கலப்படமா?”

முழுச் சுத்தமும் இல்லை, கலப்படம் என்று குறை சொல்வதற்கும் இல்லை. சுத்த வெள்ளி மெத்தென்றிருப்பதால் கெண்டி நசுங்கும், கரண்டி வளையும். ஆகவே 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கொண்ட ஸ்டெர்லிங் என்ற மாற்றே இங்கிலாந்தில் சட்டபூர்வமான தரம். நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க 1697 முதல் 1720 வரை பாத்திரங்களுக்கு 958 என்ற உயர்ந்த மாற்றைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். நாம் பார்க்கும் கலங்கள் அதற்குப் பிற்பட்டவை.

“அடியில குட்டிக் குட்டியா சிங்கம், புலி எல்லாம் குத்தியிருக்காங்களே, அது என்ன?”

என்னைக் கேட்டால் பாத்திரத்தின் முன்பக்கத்தைவிட அந்த அடிப்பக்கமே அதிகம் பேசுகிறது. அவை ஹால்மார்க் முத்திரைகள். பட்டறையிலிருந்து வந்த பாத்திரத்தில் சிறிது சுரண்டி எடுத்து, மாற்றுப் பார்த்து, தேறியவற்றில் மட்டும் பரிசோதனைக்கூடம் அவற்றைக் குத்தும். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரத்தையும் சிறுத்தைத் தலை லண்டன் நகரத்தையும் குறிக்கும். ஒரு தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். இன்னொரு கட்டத்துக்குள் இருக்கும் தலைப்பெழுத்துகள், பாத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியவருடையவை.

1784 டிசம்பரிலிருந்து இவற்றோடு அரசரின் தலையும் சேர்ந்தது. வெள்ளிக்கு அவுன்சுக்கு 6 பென்ஸ் என்று விதித்த வரியைக் கட்டியாயிற்று என்பதற்கு அதுவே சான்று. 1890இல் அந்த வரியோடு முத்திரையும் போயிற்று. ஆகவே அரசர் தலை இருந்தால் பாத்திரம் 1784க்கு முந்தியதாக இருக்க முடியாது.

நங்கூரம் பர்மிங்காமையும் மகுடம் ஷெஃபீல்டையும் குறிக்கும். இந்த இரண்டு ஊர்களுக்கும் சொந்தப் பரிசோதனைக்கூடம் 1773இல்தான் கிடைத்தது. அதுவரை பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் தம் வெள்ளியை 100 கிலோமீட்டருக்கும் அப்பால் செஸ்டருக்கு வண்டியில் அனுப்பினார். வழியில் நசுங்கித் திரும்பிய பாத்திரங்களைக் கண்டு நொந்துதான் நாடாளுமன்றத்தில் இதற்காக வாதாடினார். ‘மகுடமும் நங்கூரமும்’ என்ற லண்டன் விடுதியில் கூடிப் பேசியதால் இரண்டு ஊர்களுக்கும் அந்தச் சின்னங்கள் வந்தன என்று ஒரு கதையும் உண்டு.

“லேபிள்ல 1776–77ன்னு ரெண்டு வருஷம் போட்டிருக்கு. அவங்களுக்கே சரியாத் தெரியாதா?”

நன்றாகத் தெரிந்துதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன ஆண்டெழுத்து லண்டனில் ஜனவரியில் மாறாமல் மே மாதக் கடைசியில் மாறியது. 1776 மே முடிவில் தொடங்கிய எழுத்து 1777 மே வரை குத்தப்பட்டதால், அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் என்பதே அது தரும் செய்தி. லண்டனில் இருபது எழுத்துகளைக் கொண்டு ஒரு சுற்று ஓடும்; அடுத்த சுற்றில் எழுத்தின் உருவமோ அதைச் சூழ்ந்த கட்டமோ மாறும். அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படித்தால் சரியாக இருபது ஆண்டு பிசகிவிடும்.

“முத்திரையில பேரு இருக்கே, அவரே கையால செஞ்சதுதானா?”

அப்படி நம்பத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்தத் தலைப்பெழுத்து ‘இந்தப் பாத்திரத்தின் தரத்துக்கு நான் பொறுப்பு’ என்று மட்டுமே சொல்கிறது. அவர் பட்டறை முதலாளியாக இருக்கலாம், இன்னொருவர் செய்ததை வாங்கி விற்றவராகவும் இருக்கலாம். வார்ப்பவர், தட்டுபவர், செதுக்குபவர், மெருகிடுபவர் என்று ஒரே கெண்டி பல கைகள் மாறியிருக்கும்.

ஹெஸ்டர் பேட்மேன் நல்ல எடுத்துக்காட்டு. கணவர் 1760இல் இறந்த பிறகு, 1761இல் தம் பெயரில் முத்திரையைப் பதிவு செய்து, மகன்களோடு லண்டன் பட்டறையை 1790 வரை நடத்தியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மணி விளிம்பும் பளிச்செதுக்கும் கொண்ட எளிய, ஒயிலான கெண்டிகளும் சர்க்கரைக் கூடைகளும் அவர் முத்திரையோடு ஏராளமாகக் கிடைக்கின்றன. அவர் சுத்தியல் பிடித்தாரா என்பதில் என் கவனம் போவதில்லை; முப்பது ஆண்டு ஒரு பட்டறையைக் கட்டி ஆண்டதே பெரிது.

“பார்க்க பிரமாண்டமா இருக்கு, ஆனா தகடு மெல்லிசா இருக்கும்போலயே?”

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அக்காலத்தில் உருளைகளுக்கிடையே ஓட்டி மெல்லிய தகடு எடுக்கும் முறை பெருகியிருந்தது. 1770, 80களின் நேரான சுவர் கொண்ட கெண்டிகளில் பல, அப்படிப்பட்ட தகட்டை வளைத்துப் பற்றாசு வைத்து ஒட்டியவை. ஒட்டு கைப்பிடிக்குக் கீழே மறைந்திருக்கும். ஒரே கட்டியைத் தட்டித் தட்டி எழுப்பும் பழைய முறையைவிட இதற்குச் செலவு குறைவு. 1784இல் தேயிலை மீதான வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாக இறங்கியதும் தேநீர் குடிப்போர் பெருகினார்கள், கெண்டிகளுக்கும் கிராக்கி கூடியது.

ஷெஃபீல்டின் தூண் வடிவ மெழுகுவத்தித் தண்டுகள் இன்னும் மெல்லியவை. எஃகு அச்சில் அழுத்திய தகடுகளை ஒட்டி, உள்ளே பிசின் கலவை நிரப்பிக் கனம் ஏற்றியிருப்பார்கள். அவற்றின் மொத்த எடையை வெள்ளியின் எடையாக நினைத்துவிடக் கூடாது. பிறகு 1800ஐ ஒட்டி ரசனை திரும்பியது. லண்டன் தட்டார் பால் ஸ்டோர் போன்றோர் ரோமானியப் பேரரசின் மிடுக்கை நினைவூட்டும் கனத்த கலங்களைச் செய்தார்கள். ஆடம் காலத்துக் கலத்தையும் ஸ்டோரின் கலத்தையும் அருகருகே வைத்தால், இரண்டும் பழங்காலத்தைப் பின்பற்றினாலும் ஒன்று கொடி, ஒன்று தூண் என்று தோன்றும்.

“இதோ இந்தத் தட்டுல ஓரமா சிவப்புத் தெரியுதே, முலாம் போச்சா?”

அது ஷெஃபீல்டு பிளேட் என்ற வகை. 1743வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தி செய்பவர், சூட்டில் செம்போடு வெள்ளி ஒட்டிக்கொள்வதையும், இரண்டையும் சேர்த்துத் தகடாக நீட்டினாலும் பிரியாமல் வருவதையும் கண்டார். செம்புக் கட்டியின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடேற்றி, உருளையில் ஓட்டிய தகட்டிலிருந்து பாத்திரம் செய்தார்கள். முலாம் பூசுவதில் பாத்திரம் செய்த பிறகு வெள்ளி ஏறும். இதில் தகட்டிலேயே வெள்ளி இருக்கும். 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் இந்தத் தொழில் தேய்ந்தது.

தகட்டை வெட்டிய ஓரத்தில் செம்பு தெரியும் என்பதால் விளிம்பில் வெள்ளிக் கம்பி ஓட்டி மறைத்தார்கள். குலச்சின்னம் செதுக்குவதும் சிக்கலாக இருந்தது. உளி ஆழப் போனால் செம்பு எட்டிப் பார்க்கும். அதற்காகச் செதுக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளி வில்லை ஒன்றைச் சூடேற்றித் தேய்த்துப் பதித்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் அது தெரியாது. வாயால் ஊதினால் ஆவி படியும்போது வில்லையின் எல்லை ஒரு நொடி தோன்றி மறையும்.

“உப்புக் கிண்ணத்துக்குள்ள எதுக்கு நீலக் கண்ணாடி?”

உப்பு வெள்ளியை அரிக்கும். ஈரம் பட்ட உப்பு நாள்பட இருந்தால் கரும்புள்ளிகளும் குழிகளும் விழும். ஆகவே உள்ளே கண்ணாடிக் கிண்ணம் வைத்தார்கள், அல்லது உட்புறம் தங்க முலாம் பூசினார்கள். துளை வேலைப்பாட்டின் வழியே நீலம் தெரிவது அழகாகவும் இருந்ததால் சர்க்கரைக் கூடைக்கும் கடுகுச் சாடிக்கும் அதையே வைத்தார்கள். இன்று காணப்படும் கண்ணாடிகளில் பல, உடைந்ததற்கு மாற்றாகப் பிற்காலத்தில் சேர்ந்தவை.

“ஒரு விருந்துக்கு இத்தனை பாத்திரமா? யாருக்கு?”

அன்றைய பிரெஞ்சு முறை விருந்தில் ஒரு சுற்றுக்குரிய பதார்த்தங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். மூடியிட்ட சூப் கலம், குழம்புக் கலம், நடுவில் பழம் வைக்கும் உயரமான தாங்கி எல்லாம் இரட்டை இரட்டையாக, எதிரெதிராக அமையும். பந்தியில் இலைக்கு ஓரிடம், பொரியலுக்கு ஓரிடம் என்ற ஒழுங்கு நமக்கு இருப்பதுபோல் அவர்களுக்கு மேசைக்கே வரைபடம் இருந்தது.

எல்லை கடந்த எடுத்துக்காட்டு ஆர்லோஃப் தொகுதி. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1770இல் பாரிசைச் சேர்ந்த ரெத்தியே குடும்பத்துத் தட்டார்களிடம் செய்யச் சொன்னது. 3,000க்கும் மேற்பட்ட உருப்படிகள். அதைத் தம் காதலர் கிரிகோரி ஆர்லோஃபுக்குக் கொடுத்தார். 1783இல் அவர் இறந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். புரட்சிக்குப் பின் சோவியத் அரசு அதில் ஒரு பகுதியை வெளிநாட்டாருக்கு விற்றது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் பாரிசின் நிசிம் த கமோண்டோ அருங்காட்சியகத்திலும் அதன் உருப்படிகளைக் காணலாம். பாரிசில் இருப்பவை வங்கியாளர் மோயிஸ் த கமோண்டோ வாங்கியவை. 1917இல் போரில் விமானியாக மாண்ட மகன் நிசிமின் பெயரால் வீட்டோடு பிரான்சுக்கு எழுதிவைத்தார்.

“பிரெஞ்சுக்காரங்கதான் பெரிய ஆளுங்கன்னா, இங்க ஏன் இங்கிலீஷ் வெள்ளியே அதிகம்?”

பிரெஞ்சு வெள்ளியில் பெரும்பகுதி உருகிப்போயிற்று. போர்ச் செலவுக்காக 1689, 1709, 1759 ஆகிய ஆண்டுகளில் அரச ஆணைப்படி பிரபுக்களின் வெள்ளி நாணயச் சாலைக்குப் போனது. மிஞ்சியதில் ஏராளமானவை 1789க்குப் பிந்திய புரட்சியில் உருகின. பாரிஸ் வேலையின் தலைசிறந்த கலங்களில் பல, ரஷ்யாவுக்கும் போர்ச்சுகலுக்கும் ஏற்றுமதியானதாலேயே பிழைத்தன. நம் வீடுகளில் அடகுக்கும் அவசரத்துக்கும் நகை பயன்படுவதுபோல் அவர்களுக்கு வெள்ளிப் பாத்திரம் கைமுதல்.

“வீட்டுல விபூதி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். இங்க ஏன் சிலதைக் கொஞ்சம் மங்கலாவே வச்சிருக்காங்க?”

காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறுவதே கறுத்துப்போதல். தேய்க்கும்போது கறுப்போடு அந்த வெள்ளியும் போய்விடுகிறது. வீட்டுக் குத்துவிளக்குக்கு அது பெரிய இழப்பில்லை; ஆனால் முன்னே சொன்ன பளிச்செதுக்கின் கூர்முனைகளும் முத்திரையின் கோடுகளும் அப்படித்தான் மழுங்கின. விபூதி, பற்பசை, புளி மூன்றையுமே பாதுகாவலர்கள் தொடமாட்டார்கள். மிக நுண்ணிய சுண்ணத்தூளைத் தாது நீக்கிய நீரில் குழைத்து, பஞ்சால் மெல்லத் துடைப்பார்கள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

கறுக்காமல் காப்பதே பெரிய வேலை. கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் கசியும்; ஒரு ரப்பர் பேண்டைக் கரண்டியில் சுற்றி வைத்தால் கறுப்பு வளையம் விழும். ஆகவே காட்சிப் பேழைக்குள் வரும் துணி, பசை, மரப்பலகை எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிப்பார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்த சோதனையில், வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் துண்டுகளோடு அந்தப் பொருளை மூடிய குப்பியில் 60 டிகிரி செல்சியசில் 28 நாள் வைக்கிறார்கள். வெள்ளித் துண்டு கறுத்தால் அது பேழைக்குள் போகாது.

“அடியில ஊசியால கீறின மாதிரி எண்கள் இருக்கே, கடைக்காரர் எழுதினதா?”

பெரும்பாலும் எடை. வெள்ளிக்கும் கூலிக்கும் அவுன்ஸ் கணக்கில் பணம் கொடுத்த காலம் என்பதால் எடையைப் பாத்திரத்திலேயே கீறி வைத்தார்கள். ‘20, 10’ என்றிருந்தால் 20 டிராய் அவுன்சும் 10 பென்னிவெயிட்டும், அதாவது 20.5 அவுன்ஸ், சுமார் 638 கிராம். இன்று அதே பாத்திரத்தைத் தராசில் வைத்து 610 கிராம் நின்றால், இருநூறு ஆண்டுத் தேய்ப்பு எவ்வளவு தின்றது என்பது தெரியும். எடை கூடியிருந்தால்தான் எச்சரிக்கை: பிறகு எதையோ ஒட்டியிருக்கிறார்கள்.

“முத்திரை சரியா இருந்தா அசல்தானே?”

முத்திரை அசலாகவும் பாத்திரம் அசல் அல்லாததாகவும் இருக்கலாம். 1720 முதல் 1758 வரை இருந்த ஒரு வரியிலிருந்து தப்ப, சிறிய பொருளொன்றைப் பரிசோதித்து முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்த தட்டார்கள் உண்டு. பிற்கால மோசடிக்காரர்கள் பழைய கரண்டியின் முத்திரையைப் புதிய கெண்டிக்கு மாற்றினார்கள். ஷெஃபீல்டு பிளேட்டுக்குச் சொன்ன அதே தந்திரம் இங்கும் உதவும்: ஊதிப் பார்த்தால் முத்திரையைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியலாம். எளிமையான பழைய பாத்திரத்தில் விக்டோரியா காலத்தவர் பூக்களைப் புடைத்ததும், பழைய உரிமையாளரின் குலச்சின்னத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் செதுக்கியதும் உண்டு; சுரண்டிய இடத்தை விரலால் அழுத்தினால் தகடு நெளியும்.

அருங்காட்சியகங்கள் எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவியால் பாத்திரத்தைத் தொடாமலே உலோகக் கலவையை அளக்கின்றன. பழைய வெள்ளியில் தங்கமும் ஈயமும் மிகச் சிறு அளவில் தங்கியிருக்கும். மின்பகுப்பில் சுத்திகரித்த இக்கால வெள்ளியில் அவை ஏறக்குறைய இருக்காது. அந்த வேறுபாடே பல மோசடிகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

“நம்ம மெட்ராஸ் சுவாமி வெள்ளியும் இந்த வகைதானா?”

இல்லை. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த சுவாமி வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது, மெட்ராசின் பி. ஓர் அண்டு சன்ஸ் நிறுவனம் அதில் பெயர்பெற்றது. கெண்டியும் பால் குவளையும் ஆங்கிலேய வடிவத்தில் இருந்தாலும் அலங்காரம் நம் கோயில் சிற்ப மரபிலிருந்து வந்தது. ஆடம் காலத்து ஆங்கிலேயருக்குக் கிரேக்கம் எப்படிப் பழமையோ, அப்படி மெட்ராசின் ஆங்கிலேய வாடிக்கையாளருக்குக் கோயில் சிற்பம் இருந்தது என்று வேண்டுமானால் ஒப்பிடலாம்.

“இவ்வளவு வெள்ளி இங்கிலாந்துல கிடைச்சுதா?”

பெருமளவு ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து, குறிப்பாக மெக்சிகோவிலிருந்தும் இன்றைய பொலிவியாவின் பொத்தோசி மலையிலிருந்தும் உலகச் சந்தைக்கு வந்த வெள்ளி அது. பொத்தோசியில் பூர்வகுடி மக்களைக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். பழையதை உருக்கிப் புதியது செய்வதே வழக்கம் என்பதால், குறிப்பிட்ட ஒரு கெண்டியின் வெள்ளி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று காட்ட முடியாது. அந்தக் கூடையில் இருந்த சர்க்கரையின் கதை இன்னும் நேரடியானது: கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது.

“இதையெல்லாம் இப்பவும் யாராவது சாப்பிடப் பயன்படுத்துறாங்களா?”

அருங்காட்சியகத்தில் இல்லை. பிரிட்டிஷ் அரச குடும்பம் பயன்படுத்துகிறது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் இளவரசராக இருந்தபோது சேர்க்கத் தொடங்கிய, 4,000க்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட பெருந்தொகுதி அரசு விருந்துகளில் இன்றும் மேசைக்கு வருகிறது. அதில் பால் ஸ்டோரின் வேலையும் உண்டு.

“அடிப்பக்கம்தான் முக்கியம்னு சொல்றீங்க. கண்ணாடிக்குள்ள இருக்கிறதை எப்படித் திருப்பிப் பார்க்கிறது?”

சில பேழைகளில் பாத்திரத்துக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சிறியதாக வைத்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் முத்திரை இடவலம் மாறித் தெரியும். அது இல்லாத இடத்தில் லேபிளில் உள்ள பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு, விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். முத்திரைகளும் செதுக்கிய எழுத்துகளும் அங்கே தனித் தலைப்பில் குறிக்கப்பட்டிருக்கும். பல உருப்படிகளுக்கு எடையும் இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லாத இடம் என்பதால், வீட்டில் பட்டியலைப் படித்துவிட்டு அதே கெண்டியைப் பார்க்க மறுநாள் திரும்பவும் போகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.